எளிமைக்கு எது அளவுகோல்?

பயணம் புறப்படுகிறவன் எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும், எவற்றை விட்டுச் செல்ல வேண்டும்? மேலோட்டமாகப் பார்த்தால் இது மூட்டை கட்டுகிறவனின் கவலை. சற்றே நின்று எண்ணினால், அறவியலின் மிகப் பழைய கேள்வியொன்று இதற்குள் அடங்கியிருப்பது புலப்படும். மனிதனுக்கு எவ்வளவு இருந்தால் போதும்? 'போதும்' என்று சொல்ல வேண்டிய இடத்தை எதைக் கொண்டு அளப்பது?

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், இக்கேள்விக்குப் பேரறிஞர்கள் தந்த விடைகளை ஏட்டில் எழுதி மனப்பாடம் செய்தவன் நான். தேர்விலும் நல்ல மதிப்பெண்கள் பெற்றேன். ஆனால் அது ஏட்டை விட்டு எழுந்து என் முன்னே உயிருள்ள கேள்வியாக வந்து நின்றது பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான். வந்து நின்ற இடமும் நான் எதிர்பாராதது: ஆஸ்திரேலிய நாட்டில் ஒரு முதிய தச்சரின் கொட்டகை, அங்கே நின்றிருந்த ஒரு பழைய வண்டியின் பின்கதவு.

வண்டி வீடானது

2010ஆம் ஆண்டு தொடங்கி ஆறு ஆண்டுகள், என் ஆயரின் இசைவுடன், ஆஸ்திரேலியாவின் வடமேற்கிலுள்ள கிம்பர்லி வட்டாரத்தில் பணியாற்றினேன். பரப்பில் அது நம் தமிழ்நாட்டைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. மக்கள்தொகையோ ஏறத்தாழ நாற்பதாயிரம். நம் நாட்டில் ஒரு பெரிய ஊரின் மக்களை எடுத்து மூன்று தமிழ்நாடுகளில் தூவிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. என் பொறுப்பில் சிறு நகரக் கோவில் ஒன்றும், அதிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தொலைவு வரை சிதறிக் கிடந்த நான்கு சிற்றூர்களும் இருந்தன. அச்சிற்றூர்களில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் அம்மண்ணின் பழங்குடியினர்.

அங்குள்ள சாலைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெர்பியையும் குனுனுராவையும் இணைக்கும் கிப் ஆற்றுச் சாலை ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளமுடையது. கால்நடைகளை ஏற்றிச் செல்வதற்கென்று போடப்பட்ட வழி அது. பெரும்பகுதி செம்மண்ணும் சரளையும்தான். வண்டிகள் ஓடி ஓடி, துணி துவைக்கும் பலகையைப் போல் மண் வரிவரியாக எழும்பி நிற்கும். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகிப் பாதையை மூடிவிடும். இத்தகைய வழிகளில் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டியே பயன்படும். பின்சக்கரங்கள் மணலில் சுழலும்போது, கெட்டி நிலத்தைப் பற்றிய முன்சக்கரங்கள் வண்டியை இழுத்துக் கரையேற்ற வேண்டும்.

பங்கிற்கு அப்படி ஒரு வண்டி இருந்தது. 2002ஆம் ஆண்டில் வெளிவந்த டொயோட்டா லேண்ட் குரூசர். படைவீரர்களை ஏற்றிச் செல்லும் வண்டியின் பெயரைச் சுருக்கி, அந்நாட்டினர் அதைச் செல்லமாக 'ட்ரூப்பி' என்பார்கள். நம் ஊர் மகிந்திரா ஜீப்பில் பின்புறம் எதிரெதிராக இரண்டு நீண்ட பெஞ்சுகள் இருக்குமல்லவா? அதே அமைப்புத்தான், சற்றே பெரிது. பின்னே எட்டுப் பேர் வரை அமரலாம். எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தை அதில்தான் மக்களை மருத்துவமனைக்கும் அடக்கச் சடங்குகளுக்கும் ஏற்றிச் சென்று வந்தார்.

எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. கிம்பர்லியில் இருட்டிய பின் வண்டி ஓட்டுவது அறிவுடைமையன்று. வேலியில்லாத வெளியில் மாடுகளும் கங்காருகளும் திடீரெனப் பாதையில் வந்து நிற்கும். ஆகவே சென்ற இடத்திலேயே இரவு தங்க வேண்டும். சிற்றூர்களில் யாரேனும் ஒரு குடும்பத்தினர் தங்கள் தாழ்வாரத்தில் எனக்கு ஒரு படுக்கை விரித்துத் தருவார்கள். அவர்களிடம் இருந்ததே சில படுக்கைகள்தாம். எனக்கு ஒன்று தந்தால் வீட்டுப் பிள்ளைகள் இருவர் தரையில் படுப்பார்கள். இரவெல்லாம் பேச்சும் சிரிப்பும் நாய்களின் குரைப்புமாக இருக்கும். மறுநாள் மறையுரை ஆற்றும்போது கண் சொருகும். 'நான் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது' என்று முடிவு செய்தேன். புனித பவுலும் தெசலோனிக்கேயருக்குப் பாரமாயிராதபடி உழைத்ததாக எழுதுகிறாரே என்று சான்றும் தேடிக்கொண்டேன். வண்டியையே ஓர் எளிய வீடாக மாற்றிக்கொள்வதென்று துணிந்தேன்.

இந்த எண்ணம் புதியதன்று. நான்கு சக்கர இழுவை வண்டிகள் போருக்கும் வயலுக்குமாகப் பிறந்தவை. ஆனால் ஓடும் வண்டியில் உறங்கும் ஆசை விரைவிலேயே அவற்றையும் பற்றிக்கொண்டது. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டன் நகரில் 1960-களிலேயே லேண்ட் ரோவர் வண்டிகளுக்கு மேலெழும் கூரையும் மடக்குப் படுக்கைகளும் பொருத்தி விற்றார்கள். இன்று ஆஸ்திரேலியாவில் பணி ஓய்வு பெற்ற முதியவர்கள் பலர் இப்படி மாற்றிய வண்டிகளில் மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றுகிறார்கள். அவர்களுக்கு 'நரைத்த நாடோடிகள்' என்றே பெயர்.

எங்கள் பங்கிலிருந்த முதிய தச்சர் ஒருவர் இவ்வேலையை ஏற்றுக்கொண்டார். முதலில் பெஞ்சுகளைத் தரையோடு பிணைத்திருந்த போல்ட்டுகளைக் கழற்றினோம். இருக்கைகளின் எண்ணிக்கையை மாற்ற அரசின் ஒப்புதல் வேண்டும், அதையும் பெற்றோம். கூரையின் உட்புறத்தில் வெப்பத்தைத் தடுக்கும் அட்டைகளை ஒட்டினோம். பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில், ஆறடி நீளத்தில் ஒரு படுக்கை மேடை. அதன் கீழ் இழுப்பறைகள்: ஒன்று சமையலுக்கு, ஒன்று கருவிகளுக்கு, ஒன்று திருப்பலிப் பொருள்களுக்கு. பின்கதவில் கீல் வைத்து ஒரு மடக்குப் பலகை. அடுப்பை அதன்மேல் வைத்து வண்டிக்கு வெளியே நின்றே சமைக்க வேண்டும். கதவடைத்த வண்டிக்குள் அடுப்பு எரித்தால், மணமும் நிறமுமற்ற நச்சுக்காற்று உறங்குகிறவனை எழாமலே செய்துவிடும் என்று தச்சர் திரும்பத் திரும்ப எச்சரித்தார். விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் தனியாக இரண்டாவது பாட்டரி. காலையில் வண்டியைக் கிளப்ப வேண்டிய பாட்டரியை இரவு விளக்கு குடித்துவிடக் கூடாதல்லவா? சன்னல்களுக்குக் கொசுவலை. கனமான தண்ணீர்ப் பாத்திரங்கள் தாழ்வாகவும், முன்னும் பின்னுமாகச் சாயாமல் நடுவிலும் இருக்குமாறு அமைத்தோம்.

வேலை முடிந்த அன்று அதனுள் படுத்துப் பார்த்தேன். தலைக்கு மேல் ஒன்றரை முழம் இடைவெளி. கைக்கெட்டும் தொலைவில் தேவையான எல்லாம். இதுவல்லவோ துறவு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அந்த ஞாயிறன்று எளிமையைப் பற்றி மறையுரையும் ஆற்றினேன்.

எடை கற்பித்த பாடம்

முதற்பயணத்திலேயே எளிமையின் எடை எனக்குத் தெரிந்தது. அவ்வகை வண்டி தன் எடைக்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் கிலோ தாங்கும். கேட்பதற்கு அது பெரிய அளவு. ஆனால் அதன் இரண்டு தொட்டிகளில் நிறையும் 180 லிட்டர் டீசல் மட்டுமே 150 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. எண்பது லிட்டர் வைத்தேன். இரண்டாவது பாட்டரி ஏறத்தாழ முப்பது கிலோ. உதிரிச் சக்கரங்கள் இரண்டு. பிளைவுட், குளிர்பெட்டி, கருவிகள், கூரைமேல் இரும்புச் சட்டம், அதன்மேல் நாற்காலிகளும் நிழல்துணியும், என் புத்தகப் பெட்டி ஒன்று. தனித்தனியே எதுவும் ஆடம்பரமன்று. ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. நியாயமான பொருள்கள் பல ஒன்றுசேர்ந்து நியாயமற்ற பாரமாயின.

நீர் வற்றிய ஆற்றுப்படுகை ஒன்றில் வண்டி அச்சு வரை மணலில் இறங்கிவிட்டது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகிவிட்டன. டயர்களில் காற்றைப் பாதியாகக் குறைத்தேன், மண்வெட்டியால் தோண்டினேன், பயனில்லை. கடைசியில் ஏற்றியவை அனைத்தையும் இறக்கி, வெற்று வண்டியைக் கரையேற்றி, இறக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சுமந்து சென்று மீண்டும் ஏற்றினேன். முழுதாக ஒரு பகல் கழிந்தது. பாதையில்லாத இடத்துக்கும் போகட்டும் என்று உருவாக்கப்பட்ட வண்டி அது. நான் ஏற்றிய வசதிகளே அதன் போகும் ஆற்றலை விழுங்கிவிட்டன.

திரும்பி வந்ததும் தச்சரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்புங்கள், ஃபாதர்" என்றார். பரப்பினேன். "மூன்று குவியலாகப் பிரியுங்கள். நாள்தோறும் பயன்பட்டவை ஒன்று. ஒருமுறை பயன்பட்டவை ஒன்று. தொடவே தொடாதவை ஒன்று." பிரித்தேன். மூன்றாவது குவியலே பெரிதாக இருந்தது. அதை அப்படியே விட்டுவிட வேண்டும் போலும் என்று எண்ணினேன். ஆனால் அவர் குனிந்து அக்குவியலிலிருந்து முதலுதவிப் பெட்டியையும் வண்டி இழுக்கும் பட்டையையும் ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தையும் எடுத்துத் தனியே வைத்தார். "இவை பயன்படாமலே இருக்கட்டும். ஆனால் இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் 'போதும்' என்னும் சொல்லின் சிக்கல் எனக்கு விளங்கத் தொடங்கியது. பயன்படுவது மட்டுமே தேவை என்று சொல்ல முடியாது. முதலுதவிப் பெட்டி அதை மறுக்கிறது. எப்போதாவது தேவைப்படக்கூடிய எல்லாமே தேவை என்றும் சொல்ல முடியாது. அச்சம் தன் பட்டியலை ஒருபோதும் முடிப்பதில்லை. அப்படியானால் அளவுகோல் எங்கே?

அரிஸ்டாட்டில் தமது 'அரசியல்' நூலின் தொடக்கப் பகுதியில் இதற்கு ஒரு விடை தருகிறார். செல்வம் என்பது வாழ்வதற்கான கருவிகளின் தொகுதி; எந்தத் தொழிலிலும் கருவிக்கு வரம்பு உண்டு; அதன் நோக்கமே அந்த வரம்பை வகுக்கிறது என்பது அவர் கருத்து. சுத்தியல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? ஆணி அடிக்க உதவும் அளவு. புனித தாமஸ் அக்குவினாஸ் பேராசையைப் பற்றி ஆராயும்போது இதையே பின்பற்றி, ஒருவர் தம் நிலைக்கேற்ப வாழத் தேவைப்படும் அளவில் பொருள்களைத் தேடுவதே நன்மை என்றும், அவ்வளவை மீறுவதே குற்றம் என்றும் விளக்குகிறார். இவ்விடை எனக்கு மனநிறைவு தந்தது. என் நோக்கம் சிற்றூர்களுக்குச் சென்று சேர்வது. அதற்கு உதவாதவை வேண்டா. கூரைச் சட்டத்தையும் புத்தகப் பெட்டியையும் பாதிச் சமையல் பாத்திரங்களையும் இறக்கிவிட்டேன். வண்டி நிமிர்ந்து நின்றது. என் சிக்கலும் தீர்ந்தது என்றே நினைத்தேன்.

சாலையோரத்தில் மூவர்

மூன்றாம் மாதப் பயணம். நகரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தேன். நகருக்கு எண்பது கிலோமீட்டர் இருக்கும்போது, சாலையோரம் முகப்பு மூடி திறந்த நிலையில் ஒரு கார் நின்றது. அருகிலிருந்த ஒல்லியான மரத்தின் நிழலில் மூவர்: எனக்கு நன்கு அறிமுகமான ஒரு பழங்குடி மூதாட்டி, அவர் மகள், மகளின் நான்கு வயதுச் சிறுவன். மூதாட்டிக்கு நீரிழிவு, காலில் புண் சீழ்வைத்து, மருத்துவமனைக்குப் புறப்பட்டிருக்கிறார்கள். பழைய வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. நண்பகல். வெயில் நாற்பது பாகைக்கு மேல்.

என் வண்டியில் எனக்கருகே இருந்தது ஒரேயோர் இருக்கை.

மூதாட்டியை அதில் ஏற்றினேன். மற்ற இருவர்? பின்னே ஆறடிப் படுக்கை இருந்தது. அமர்ந்து பட்டை கட்டிக்கொள்ள ஓர் இடமில்லை. அந்தச் சாலையில் ஒரு குலுக்கலில் குழந்தை கூரையில் மோதிவிடும். வண்டி புரண்டாலோ சொல்ல வேண்டியதில்லை. சட்டமும் இடம் தராது. இன்றியமையாத நேரத்தில் சட்டத்தைவிட உயிர் பெரிது என்று குருமடத்தில் படித்ததை எண்ணிப் பார்த்தேன். ஆனால் இங்கே சட்டமும் உயிரும் ஒரே பக்கத்தில் நின்றன. அவர்களிடம் என் தண்ணீரில் பாதியையும் நிழல்துணியையும் கொடுத்துவிட்டு, விரைந்து சென்று திரும்புவதாகச் சொன்னேன்.

புறப்படும் முன், அந்தத் தாய் பின்கதவுக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். நேர்த்தியான மேடை, விரித்த படுக்கை, மாட்டி வைத்த விளக்கு. அவர் குரலில் கோபமில்லை. "நல்ல வீடு, ஃபாதர். முன்பெல்லாம் இதில் நாங்கள் எல்லாரும் ஏறுவோம்" என்றார்.

மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். இருவரும் நலமாகவே இருந்தனர். ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. மகனை மடியில் இருத்திக்கொள்ளவும் வழியில்லாததால், வேறொரு பங்கு அன்பர் தம் காரை எடுத்துக்கொண்டு என்னோடு வந்திருந்தார். எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது; ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் செய்த தவறு என்ன? சாலையில் நான் தவறாக ஒன்றும் செய்யவில்லை. அந்த நேரத்தில் செய்யக்கூடியதைத்தான் செய்தேன். அந்த இருவரையும் வெயிலில் விட்டுவிடும் முடிவை நான் சாலையில் எடுக்கவில்லை. மூன்று மாதங்களுக்கு முன், தச்சரின் கொட்டகையில், பெஞ்சின் போல்ட்டுகளைக் கழற்றியபோதே எடுத்துவிட்டேன். அப்போது அது ஓர் அறச்செயலாக என் கண்ணுக்குத் தோன்றவில்லை. தச்சு வேலையாகத் தோன்றியது.

அன்பர்களே, அறவாழ்வைப் பற்றி நாம் எண்ணும்போது, துன்பப்படுகிறவர் நம் முன் வந்து நிற்கும் அந்த ஒரு நொடியையே எண்ணுகிறோம். உதவுவோமா, கடந்து போவோமா என்பதே கேள்வி என்று நினைக்கிறோம். ஆனால் அந்நொடியில் நாம் செய்யக்கூடியது என்ன என்பது, நாம் வீட்டுக்கு வரைபடம் போட்டபோதும், கடன் வாங்கியபோதும், நாள்களை வேலைகளால் நிரப்பியபோதும் பெருமளவு முடிவாகிவிடுகிறது. நல்ல சமாரியர் உவமையில் நாம் கவனியாமல் விடுகிற ஒரு செய்தி உண்டு. அவர் காயமுற்றவரைத் தம் சொந்த விலங்கின்மீது ஏற்றினார் என்கிறார் லூக்கா. அவர் தாம் ஏறி வந்த விலங்கைக் காயமுற்றவருக்குக் கொடுத்துவிட்டு நடந்திருக்க வேண்டும். தம் இடத்தை விட்டுத்தரக்கூடிய நிலையில் அவர் பயணம் அமைந்திருந்தது.

எத்தனை நாற்காலிகள்?

எளிய வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் இருவரை இப்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிரேக்க ஞானி டயோஜினிஸ் ஒரு பெரிய மண்சாடிக்குள் வாழ்ந்தார். சிறுவன் ஒருவன் கையால் தண்ணீர் அள்ளிக் குடிப்பதைக் கண்டு, தம் கிண்ணத்தையும் வீசியெறிந்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. பொருள்களைக் குறைப்பதே எளிமை என்றால் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அச்சாடியில் இன்னொருவருக்கு இடமில்லை.

அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய சிறு குடிலில் வாழ்ந்தார். பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் உடைய அக்குடிலுக்குச் செலவு 28 டாலரும் சில்லறையும் என்று கணக்கு எழுதி வைத்தவர் அவர். அத்தனை கறாரான மனிதரின் குடிலில் மூன்று நாற்காலிகள் இருந்தன. தனிமைக்கு ஒன்று போதும். மற்றவை நண்பருக்கும் விருந்தினருக்கும். அவருடைய கணக்கில் பிறரும் இருந்தார்கள்.

விவிலியத்திலும் ஓர் எளிய அறை உண்டு. சூனேம் ஊர்ப் பெண்மணி ஒருவர், தம் ஊர் வழியே அடிக்கடி செல்லும் இறைவாக்கினர் எலிசாவுக்காக மாடியில் சிற்றறை ஒன்று கட்டுவிக்கிறார். அதில் வைத்தவை நான்கே பொருள்கள்: படுக்கை, மேசை, நாற்காலி, விளக்கு. என் வண்டியிலும் ஏறத்தாழ அவையே இருந்தன. பொருள்களின் பட்டியலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஆனால் அப்பெண்மணி அவற்றைப் பிறருக்காக வைத்தார். நான் பிறரை இறக்கிவிட்டு வைத்தேன்.

இங்கே அரிஸ்டாட்டிலின் விடையில் நான் செய்த பிழையும் தெரிகிறது. கருவியின் அளவை நோக்கம் வகுக்கிறது என்பது உண்மையே. ஆனால் நோக்கத்தையே நான் குறுக்கிக்கொண்டேன். 'சிற்றூர்களுக்குச் சென்று சேர்வது' என்று அதை வரையறுத்தேன். சென்று சேர்வது யாருக்காக என்று கேட்கவில்லை. அக்குவினாஸ் கூறும் 'தம் நிலைக்கேற்ப' என்னும் சொல்லில், என்னைச் சூழ்ந்திருப்போரும் அடங்குவர்; மேய்ப்பனின் நிலை என்பது மந்தையை விட்டுத் தனியே இருப்பதன்று.

இன்னொன்றையும் கண்டேன். யாருக்கும் பாரமாயிராதபடி வாழ்வது நல்லதென்றே எண்ணியிருந்தேன். ஆனால் என் வண்டி வீடானபின், சிற்றூர்களில் தாழ்வாரத்துப் படுக்கைகள் எனக்காக விரிக்கப்படவில்லை. இரவுப் பேச்சில் நான் இல்லை. யார் வீட்டில் யாருக்கு நோய், எந்தப் பிள்ளை பள்ளியை விட்டான் என்பவை எனக்குத் தெரியாமற்போயின. அவர்களிடம் பெறுவதை நான் நிறுத்தியபோது, அவர்கள் தருவதற்கிருந்த உரிமையையும் பறித்துவிட்டேன். பிறர் தயவின்றி வாழ்கிறேன் என்று சொல்லிக்கொள்பவரின் பணிவில் செருக்கின் ஒரு சாயல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

உண்மையில் எவரும் தனியே நிறைவுடையவர் அல்லர். இத்தகைய வண்டி வைத்திருப்போர் கனவு காணும் பாதை ஒன்று உண்டு: வில்லூனாவிலிருந்து கிம்பர்லியின் ஹால்ஸ் கிரீக் வரை பாலைவனத்தை ஊடுருவிச் செல்லும் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளமுள்ள கேனிங் கால்நடைப் பாதை. ஆளில்லா வெளியில், எல்லாவற்றையும் தாமே சுமந்து, தாமே பிழைப்பது அதில் பெருமை. ஆனால் அப்பாதையின் கிணறுகள் எப்படி வந்தன? 1906ஆம் ஆண்டில் நிலத்தை அளக்கச் சென்ற கேனிங்கின் குழுவினர், நீருள்ள இடங்களைக் காட்டுவதற்காகப் பழங்குடியினரைச் சங்கிலியால் பிணைத்து இழுத்துச் சென்றார்கள். 1908இல் அரச விசாரணைக் குழு இதை விசாரித்தது. சங்கிலி உண்மைதான் என்று தெரிந்தும் கேனிங்கைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. ஆளில்லா வெளி என்று நாம் நினைக்கும் நிலத்தின் நீர், வேறு யாரோ காலம் காலமாகக் காத்து வந்த நீர்.

மேலும், நாம் விரும்பி ஏற்கும் எளிமைக்குப் பக்கத்திலேயே, விரும்பாமல் தலையில் விழுந்த எளிமையும் நிற்கிறது. 2008ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப் பின் வீடிழந்த அமெரிக்க முதியவர்கள் பலர், வண்டிகளிலேயே குடியிருந்து ஊர் ஊராகக் கூலி வேலை தேடி அலைந்ததை, ஜெசிக்கா புரூடர் 2017இல் வெளியிட்ட 'நோமட்லேண்ட்' என்னும் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஒரே விதமான வண்டி, ஒரே விதமான படுக்கை. ஒருவருக்கு அது விடுமுறை. மற்றவருக்கு அது கடைசிப் புகலிடம். நம் எளிமையைப் பற்றிப் பெருமை பேசும் முன் இந்த இரண்டாமவர் நம் நினைவுக்கு வருவது நல்லது.

மீண்டும் கொட்டகையில்

தச்சரிடம் மறுபடியும் சென்றேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் கிடந்த பெஞ்சுகளில் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். ஒரு பக்கத்தில் நால்வர் அமரும் பெஞ்சைப் பட்டைகளோடு பழையபடி பொருத்தினோம். அரசின் ஒப்புதலை மீண்டும் பெற்றோம். எதிர்ப்பக்கத்தில் குறுகிய மேடை ஒன்று. இரவில் கீலை விரித்தால் பெஞ்சும் மேடையும் இணைந்து படுக்கையாகும். பகலில் மடித்தால் நான்கு பேருக்கு இடம். குளிர்பெட்டியும் இரண்டு இழுப்பறைகளும் வெளியேறின. படுக்கை நடுவில் சற்றே பள்ளம். தாழ்வாரத்தில் அழைப்பு வந்தால் அதை விரிப்பதே இல்லை.

உறங்குகிறவனுக்கும் உரிமை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்விழித்துக் களைத்தவன் ஓட்டும் வண்டி பிறருக்கும் தீங்கு. படுக்கையை நான் அகற்றவில்லை. அகற்றியிருந்தால் அதுவும் பிழையே. எதிர்ப்படக்கூடிய எல்லாருக்காகவும் எப்போதும் இடம் வைத்துக்கொண்டே இருக்க எவராலும் இயலாது. எட்டுப் பேரும் அமர இப்போது இடமில்லை. ஒன்பதாவது மனிதர் எங்கோ ஒரு சாலையோரத்தில் நிற்கத்தான் செய்வார். ஆயினும் இடமே இல்லாமைக்கும் நான்கு இடங்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. எளிமையை நான் இப்போது இப்படி அளக்கிறேன்: நம்மிடம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதை இரண்டாவதாகக் கேட்கலாம், நம்மிடத்தில் இன்னொருவர் வந்து அமர முடியுமா என்பதை முதலில் கேட்க வேண்டும்.

இப்போது தமிழ்நாட்டில் ஒரு பங்கில் இருக்கிறேன். புதுவீடு கட்டுவோர், அடிக்கல் மந்திரிக்க அழைக்கும்போது வரைபடத்தையும் கொண்டுவந்து காட்டுவதுண்டு. வண்டி நிறுத்த இடம் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனியறை இருக்கும். நம் பாட்டனார் வீடுகளில் முன்னே திண்ணை இருந்தது. வழிப்போக்கர் யாரிடமும் கேளாமல் அமர்ந்து இளைப்பாறிச் செல்ல, கட்டும்போதே விட்டு வைத்த இடம் அது. அதிலும் எல்லாச் சாதியாரும் அமர முடியவில்லை என்பது நம் வரலாற்றின் வடு. திண்ணையைத் திரும்பக் கட்டுங்கள் என்று நான் எவரிடமும் சொல்வதில்லை. "இதில் வருகிறவர் எங்கே அமர்வார்?" என்று மட்டும் கேட்பேன். சுவர் எழும்பும் முன் கேட்டால், விடைக்கு இடம் இருக்கும்.

அந்த மூதாட்டி பிறகு பலமுறை என் வண்டியில் ஏறினார். கால் புண் ஆறியபின், மகளும் பேரனும் உடன்வர ஒருநாள் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, பெஞ்சில் அமர்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "உட்கார ரொம்பக் கடினமாக இருக்கிறது, ஃபாதர். மெத்தை எதுவும் இல்லையா?" மூவரும் சிரித்தார்கள். என் படுக்கையின் மெத்தையை எடுத்து அவருக்குப் போட்டேன்.